கட்டைவிரலுக்கு எதற்கு பிக்?

கிட்டார் விற்பது சுலபம். அதோடு கம்பியை மீட்டுகிற நகத்தளவு பிளாஸ்டிக் பிக் ஒன்றைச் சேர்த்து விற்பதுதான் ஆளைக் கொல்லும் வேலை. கொல்கத்தாவில் டாக்குரியா பக்கம் ஒரு இசைக்கருவிக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். எந்தக் கவுண்டருக்குப் பின்னாலாவது நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

டாக்டரின் ஆயுதம்

டாலிகஞ்ச்சிலிருந்து ஒரு டாக்டர் வருவார். கிட்டாருக்கு வாங்கிய நைலான் கம்பிகள் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. கம்பி மாற்றிக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், எதை வைத்து வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து வழவழவென்று தேய்த்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அது சரோத் வாசிக்கிறவர்கள் பிடிப்பது. அந்த இரும்புக் கம்பிக்குத்தான் சரி. நைலான் கம்பிக்கு விரலே போதும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் சிரட்டையைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வங்காளத்தில் சொன்னார்: "தீதி, எங்கப்பாவோட சரோத் இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை."

கனமாக இருந்தால் நல்லது

மைதிலி அக்காவுக்கு ரயில்வே ஆபீசில் வேலை, பெஹாலாவில் வீடு. நாற்பத்தைந்து வயதில் கிட்டார் பிடித்தவர். எவர்சில்வர் பாத்திரம் வாங்குகிற மாதிரி பிக்குகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்து, இருப்பதிலேயே தடியானதை எடுத்துக்கொண்டு போனார். நான் சொன்னது காதில் ஏறவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு அடுத்த நாள் பாடாவில், அதாவது அவர்கள் தெருவில், கலைநிகழ்ச்சி. அக்கா தானே வாசித்துப் பாடினார். தடி பிக் போட்ட சத்தத்தில் அவருடைய சன்னக் குரல் அடியோடு முழுகிப்போனது. பக்கத்து வீட்டு வங்காளி மாமி போஸ் காகிமா மறுநாள் ரொம்பப் பிரியமாக விசாரித்தாராம், பாடாமல் வாயை மட்டும் ஏன் அசைத்தாய் என்று. அக்கா கடைக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மாலா, அடுத்த வருஷமும் என் பாட்டு கேக்கலைன்னா, இந்தக் கிட்டாரை உன் கடையிலேயே போட்டுட்டுப் போயிடுவேன்."

மூக்குத்திக் கணக்கு

அதன்பிறகு மாதக்கணக்கில் பரிசோதனை. நடுத்தர பிக் கொடுத்தேன். உலக்கையைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். தளர்த்திப் பிடிக்கச் சொன்னேன். பிக் பறந்து கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியதைக் கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் இருப்பதிலேயே மெல்லியதைக் கொடுத்தேன். கம்பி மெதுவாகச் சலசலத்தது, குரல் மேலே வந்தது. அக்கா பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு யாரோ பாடியதுபோலத் திரும்பிப் பார்த்தார். தொலைந்துவிடும், நாலைந்தாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்றைத்தான் எடுத்தார். "மூக்குத்தி ஒண்ணுதானே போட்டுக்கறோம்?"

சரஸ்வதியின் காலடியில்

மறு வருஷம் நிகழ்ச்சி அன்று மத்தியானம் அக்காவின் போன். நம் வீடுகளில் செய்கிறபடி முதல் நாள் பூஜையில் பிக்கை அம்மன் காலடியில் வைத்திருக்கிறார், அடுத்த நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று. பாடாப் பையன்கள் பூவோடு பூவாக வாரி மூட்டை கட்டி, களிமண் சிலையோடு ஆற்றில் கரைக்கக் கொண்டுபோய்விட்டார்கள்.

முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். வெறுங்கையோடு பெஹாலாவுக்கு ஓடினேன். மிஷ்டி தயிர் என்கிற இனிப்புத் தயிர் டப்பாவின் மூடியைக் கத்தரித்துக் கொடுத்தேன். முதல் இழுப்பிலேயே மடங்கிவிட்டது. அதற்குள் மைக்கில் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா என்னை முறைத்துவிட்டு மேடை ஏறினார்.

கட்டைவிரலின் சதையாலேயே கம்பிகளை வருடினார். சத்தம் பஞ்சு மாதிரி அடங்கி வந்தது. அதன்மேல் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. முன்வரிசைப் பேச்சு நின்றது. ஒரு வருஷமாக நான் கொடுத்த அத்தனை யோசனையும் தண்டம் என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். கீழே இறங்கி வந்த அக்கா அழுதுகொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதை முதல்லயே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

அதே பிக்

கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் போஸ் காகிமா. பேத்திக்கு மைதிலி வாசித்த அதே பிக் வேண்டுமாம். அது பிக் இல்லை, கட்டைவிரல் என்று என் விரலைத் தூக்கிக் காட்டினேன். காகிமா என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்டாக் இல்லேன்னா இல்லேன்னு சொல்லும்மா, எதுக்குப் பொய்?"

ஆகவே, எனக்கு எந்த பிக் சரிப்படும் என்று யாராவது கேட்டால், சரஸ்வதி எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பிக் டப்பாவை அப்படியே அவர்கள் பக்கம் நகர்த்திவிடுகிறேன்.