ரேவதி மேடம் கேட்டுக்கு ஒதுக்கின இடம்

ரேவதி மேடம் போய்விட்டார். இன்று காலை, திருச்சி ஆஸ்பத்திரியில்...

எங்கள் சிமெண்ட் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொண்டவர். ஆண்டிமடத்துக்காரர். நான் அந்த ரூமைக் கூட்டித் துடைக்கிறவள். எட்டாவதோடு நின்றவள்.

அழுதாச்சு. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மாசக் கடைசியில், ஆபீசில் ரிப்போர்ட் எடுக்கிற நேரம், ஃபேக்டரி கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். முதல் பஸ்ஸில் வந்தும் வரிசையில் கிடப்போம். உள்ளே போகும்போது லேட். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு லேட் என்றால் அரை நாள் போச்சு.

ஒரு நாள் மேடம் என் தள்ளுவண்டியைப் பார்த்தார். அடிக்கடி எடுக்கிற துணியும் பினாயிலும் வண்டியில் இருக்கும், மற்றதெல்லாம் கீழே ஸ்டோர் ரூமில். ஆபீஸ்காரர்கள் டீ கப்பையும் பழைய பேப்பரையும் போட்டு வண்டியை ரொப்பிவிடுவார்கள். துணிக்கு இடமிருக்காது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஓட வேண்டும். அதனால் நடுவில் ஒரு அட்டையைச் சொருகியிருந்தேன்.

"என்னக்கா, வண்டிக்குள்ள வேலி போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். இந்தப் பக்கம் என்னுது. மேனேஜரே வந்தாலும் கப்பு அந்தப் பக்கந்தான்."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரூம் மூலையில், ஃபேக்டரிக் கணக்கையெல்லாம் சேர்த்து வைக்கிற பெரிய ஸ்டோரேஜ் பெட்டியைக் காட்டினார்.

"இங்கயும் இதே கதைதான்க்கா. சட்டுனு எடுக்கறதுக்குன்னு, ஒங்க வண்டி மாதிரி, கேஷ்னு ஒரு இடம் இருக்கு. காசு இல்லக்கா, அதுக்குப் பேரே அதான். ரிப்போர்ட் ஓடுனா மொத்தத்தையும் அதுவே புடிச்சுக்குது. ஒங்க விரலுக்கு இடமில்ல, ஒங்க ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கற டிஸ்க் வரைக்கும் போயி தேடிக்கிட்டுக் கெடக்கு."

அந்த வாரமே கேஷைப் பிரித்து, கேட்டுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கினார்.

முதல் தடவை பங்கு பெரிதாகிவிட்டது. ரிப்போர்ட் நகரவே இல்லை. மேனேஜர் ரூமுக்கே வந்து கத்தினார். நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"கூலி ஆளு வரிசைக்காக எம்.டி. ரிப்போர்ட்ட நிப்பாட்டுவியாம்மா?"

"அளவு தப்பாயிருச்சு சார். தப்பு என்னுதுதான், கொறைச்சிடறேன். ஆனா கேட்டோட பங்கை எடுக்க மாட்டேன்."

"எடுன்னு நான் சொன்னா?"

"எழுதிக் குடுங்க சார். கேட்டுல ஏன் வரிசை நிக்குதுன்னும் அதுலயே எழுதுங்க."

அவர் எழுதவில்லை. மேடம் ரெண்டு நாள் உட்கார்ந்து அளவைச் சரிபண்ணினார். ரிப்போர்ட்டும் ஓடியது, கேட்டும் ஓடியது.

அதற்கப்புறம் மெஷினால் எனக்கு ஒரு லேட்டும் விழுந்ததில்லை.

இன்று ஆபீஸ் குரூப்பில் மேடம் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே ஒரு சார் எழுதுகிறார்... "அந்தம்மா கேஷில் கேட்டுக்குப் போட்ட பிரிவை இனி எடுத்துவிடலாம்."

உடம்பு இன்னும் ஊர் வந்து சேரவில்லை சார்.

எடுத்துப் பாருங்கள். மெஷின் நின்றால் அன்றைக்கு நாங்கள் லேட் இல்லை, உங்கள் ரிப்போர்ட்தான் எங்களை லேட்டாக்கியது என்று கேட்டிலேயே நின்று சொல்வேன். எழுதிக் குடுங்க சார் என்று கேட்கவும் இப்போது எனக்குத் தெரியும்.

ஆண்டிமடம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்... இருங்க.