படிக்கிற பிள்ளை ஓடிய ஓட்டம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலேயே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நிக்கோபாரில், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பால் வெட்டப் போவார்கள். தங்கை தண்ணீர் தூக்குவாள். நான் வாளியைத் தொட்டால்கூட அம்மா பிடுங்கிக்கொள்வாள். சிலோன் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக முதுகு ஒடிந்து, பிறகு இந்தத் தீவில் குடியேறியவர்கள். மகன் உடம்பு நோகாமல் இருந்தால்தான் அவன் படிக்கிறான் என்று அர்த்தம் அவர்களுக்கு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் பி.டி. பீரியடில் நான் வெயிலில் ஓடிக்கொண்டிருந்ததை, தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பா பார்த்துவிட்டார். நேராக மைதானத்துக்குள் வந்தார்.

"சார், இவன் படிக்கிற புள்ள. ஓடுறது தூக்குறதெல்லாம் எங்களோட போகட்டும்."

பி.டி. சார் மலையாளி, எல்லாரிடமும் இந்திதான். "டீக் ஹை, பைட்டோ" என்று சிரித்து, என்னை மரத்தடியில் உட்காரச் சொன்னார். பள்ளிப்படிப்பு முடியும்வரை ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் மற்றவர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்தேன். "கணக்கப்பிள்ளை, சட்டை பத்திரம்!" என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். கோபம் வராது. பெருமையாகக்கூட இருக்கும்.

படிப்பு முடிந்ததும் வனக்காவலர் வேலைக்கு மனுப் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்தது ஓட்டம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவே இல்லை. கால் இருக்கிறவன் ஓடுவான், அதில் என்ன? அப்பாவும் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினார்.

விசில் ஊதினார்கள். முதல் வளைவிலேயே மூச்சு இரைத்தது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது சுற்றில் கண் இருட்டி, புல்லில் குப்புற விழுந்தேன். எழுந்திருக்கச் சொன்னால் கால் கேட்கவில்லை. இது என் கால்தானா என்று திகைத்துப்போனேன்.

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அப்பா ஓடிவந்தார். என்னிடம் அல்ல, அதிகாரியிடம்.

"தொரை, அவன் நல்லா எழுதியிருக்கான். ஓட்டத்த நான் ஓடிர்றேன். ரெண்டையும் சேத்து ஒரே ஆளாப் போட்டுக்கங்க."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அரே சாச்சா, வேலை உனக்கா, பையனுக்கா?" என்று ஒருவன் இந்தியில் கேட்டான். அதிகாரி என் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அப்பா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று இன்னும் நின்றார்.

பிறகுதான் என் பக்கத்தில் வந்து குந்தினார். என் நெஞ்சில் கை வைத்தவர், சுட்டதுபோல் எடுத்துவிட்டார்.

"என்னடா இப்படி அடிச்சுக்குது? ஏதாச்சும் வியாதியா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன்டா?"

அவர் என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடியும் அமுக்கினார்.

"கைக்குழந்த காலாட்டம் இருக்கேடா" என்றார்.