மீதி இருபது பக்கம்

மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்த ஒரு மாத நாவலை, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தேன். அட்டையில் ஒரு பெண் கண்ணீரும் உதட்டுச்சாயமுமாக நின்றாள். ஜவ்வாது மலையில் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியின் சமையல் கூடத்தில் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு அந்தப் புத்தகத்தின் மேல். இன்றைக்கு நினைத்தால் வருகிற அருவருப்பு முழுக்க என் மேல்தான்.

போளூரிலிருந்து தமிழாசிரியராக மலையேறியவன் நான். நூலக அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. கனமான நாவல்கள்தான் இலக்கியம், மற்றதெல்லாம் காகிதச் செலவு என்று ஆசிரியர் அறையில் அளந்து விடுவேன். என் மேசைமேல் எப்போதும் ஒரு தடித்த நாவல் இருக்கும். அதில் அறுபதாம் பக்கத்தை நான் தாண்டியதில்லை. பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே, கொலையும் துப்பறிதலுமாகப் பாக்கெட் நாவல்கள் கிடக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பேருந்து நிலையக் கடையில் வாங்கி, பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்துக்கொண்டே மலையேறுவேன்.

எங்கள் சமையலம்மா மலைக்காரர். முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினாராம். மதியச் சாப்பாடு முடிந்து, உதவிக்கு வரும் மூன்று பெண்கள் சாமையில் கல் பொறுக்கும் நேரத்தில், அவர் மாத நாவலை உரக்கப் படிப்பார். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். ஒரு பக்கத்தையும் படிக்காமல் தாண்டக் கூடாது. கடைசிப் பக்கத்தை யாரும் முன்னாலேயே பார்க்கக் கூடாது. அத்தியாயம் முடிந்ததும் விளக்குமாற்றுக் குச்சியை அடையாளம் வைத்து மூடிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று சண்டை பிடிப்பார்கள். "புருசன் வந்து கூப்ட்டாலும் அவ போவக் கூடாது" என்பாள் ஒருத்தி. "கைல புள்ளய வச்சிகினு வேற எங்க போவா?" என்பாள் இன்னொருத்தி. அந்தச் சத்தம் என் வகுப்பறை வரை கேட்கும். என் வகுப்பில் ஒரு கதைக்காக யாரும் அப்படிச் சண்டை போட்டதில்லை. எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நேரே போய்ப் புத்தகத்தைப் பறித்தேன். குச்சி இருந்த இடத்துக்குப் பின்னால் இருபது பக்கம்தான் மீதி. "இதெல்லாம் குப்பைம்மா. படிக்கறதுன்னா நல்லதாப் படிங்க" என்று சொல்லி, என்னாலேயே முடியாத அந்தத் தடித்த நாவலைக் கொடுத்தேன். "சரிங்க சார்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தங்கள் சட்டப்படி பதிப்புரையிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் அணிந்துரை, அப்புறம் முன்னுரை. கதை தொடங்கவே ஒன்பது நாளாயிற்று. அதற்குள் கேட்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"நல்ல புக்குதான் சார். எங்களுக்குத்தான் ஏறல" என்று திருப்பிக் கொடுத்தவர், தயங்கி நின்றார். "அந்தப் பொண்ணு இன்னா ஆனா சார்? புருசனோட போய்ட்டாளா?" பறித்த அன்று மாலையே கதவைச் சாத்திக்கொண்டு, குச்சி வரைக்குமான கதை முழுவதையும் மீதி இருபது பக்கத்தையும் விழுங்கியிருந்தேன். "எனக்கெப்படித் தெரியும்? அந்தக் குப்பையை எவன் படிப்பான்?" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அதன் பிறகு சமையல் கூடத்தில் அவர் எதையும் உரக்கப் படித்து நான் கேட்டதில்லை.

கனமான எழுத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த நாவலைப் பல வருடம் கழித்து முழுக்கப் படித்தேன். உண்மையிலேயே நல்ல நாவல். அதைக் கொண்டு ஒருவர் வாயை அடைத்தேனே, அந்த அசிங்கம்தான் இன்னும் குமட்டுகிறது. இப்போதும் நான் திருந்திவிடவில்லை. கைப்பேசியில் துப்பறியும் கதை ஓடிக்கொண்டிருக்கும்; யாராவது கேட்டால் பெரிய பெயராக ஒன்றைச் சொல்லி, மறுபடி வாசிக்கிறேன் என்பேன்.

போன மாதம் போளூர் பேருந்து நிலையத்தில், மலைக்குப் போகும் வண்டிக்காக சமையலம்மா காத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நலம் விசாரித்த பிறகு, பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி, "அம்மா, அந்தப் பொண்ணு கடைசியில புருசனை மன்னிச்சுக் கூடவே போயிடறா" என்றேன்.

எந்தப் பெண் என்று அவர் கேட்கவில்லை. சிரித்தார். "அப்டியா முடிச்சிட்டாங்க? நாங்க அனுப்பல சார். கல்லு பொறுக்கிகினே பேசிப் பேசி, அவளுக்குத் தையல் மிசினு வாங்கிக் குடுத்து, தனியா வூடு பாத்து வச்சிட்டோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்ப சார் படிச்சீங்க அத?" என்று கேட்டார்.

"அன்னிக்கே" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா சார்?" என்றார். வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, எதிர்ப்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.