வலத்து மாட்டின் கொம்பு

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற கம்பெனி வேனின் பின்கண்ணாடியில் ஒரு காளைப் படம். ஏதோ போராட்டத்துக்காக யாரோ வரைந்ததாம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், சரியாகச் சொல்ல வரவில்லை. கடை பெஞ்சுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்த நெடியில் நான் படம் போட்ட பழைய அறை ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தேன். எல்லாக் கதாநாயகிக்கும் ஒரே மூக்கு. கேட்டால் என் பாணி என்பேன். வேறு மூக்கு வராது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பம்புசெட்டுக் கரண்டுக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று விவசாயிகள் மாட்டுவண்டிகளை ரோட்டில் நிறுத்தி மறியல் செய்யக் கிளம்பினார்கள். என் அண்ணனும் அதில் ஒருவன். எனக்கு ஏரும் தெரியாது, மோட்டாரும் தெரியாது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. யாரும் கேட்காமலே பெரிய படுதாவில் ஒரு ஜோடி மாடு வரைந்தேன். முதல் வண்டியில் அதைக் கட்ட வேண்டும் என்று ஆசை. பத்திரிகையில் வந்த எந்தப் படத்துக்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. பென்னலூர் ஏரிக்கரையில் மேய்ந்ததிலேயே அழகான ஜோடியைப் பார்த்து அப்படியே போட்டேன். வலத்து மாட்டின் ஒரு கொம்பு கண் பக்கம் வளைந்திருந்தது. அதையும் விடவில்லை.

மறியலுக்கு முந்தின நாள் படுதாவை விரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னாடா இது, ஏகாம்பரம் வூட்டு மாட்ட போட்டுகினு?" என்றான் அண்ணன். "அவன் வண்டியே அனுப்ப மாட்டேன்னுட்டான். அவன் மாடா முன்னாடி போவுது?"

நான் மனுஷ முகத்தையே மாற்றிப் போடத் தெரியாதவன். இவர்கள் கொம்பைப் பார்த்து வீட்டைச் சொல்கிறார்கள்.

சேதி கேட்டு ஏகாம்பரமே வந்துவிட்டார். "அழிச்சிடுப்பா. நான்தான் முன்ன நின்னேன்னு கனெக்‌ஷன புடுங்கிடுவாங்க. கதிர் வர்ற நேரம்."

"கரண்டு ஆபீசுக்கு உங்க மாட்ட தெரியுமா?" என்றேன்.

"லைன்மேன் நம்மூர்க்காரன்தானேப்பா."

வண்டி அனுப்புகிற அண்ணனும் வேண்டாம் என்கிறான், அனுப்பாதவரும் அழி என்கிறார். யார் மேல் கோபப்படுவது? எல்லார் மேலும் பட்டேன். கத்தினேன். பிறகு தூரிகையை எடுத்துக் கொம்பை நிமிர்த்தினேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான். "இப்ப இது யார் வூட்டு மாடும் இல்ல. கட்டலாம்."

மறுநாள் முதல் வண்டியில்தான் கட்டினார்கள். நானும் கூடவே நடந்தேன். ரோட்டோரம் நின்றவர்கள் நிஜ மாடுகளைப் பார்த்து, இது இன்னார் வூட்டுது, அது இன்னார் வூட்டுது என்று சொல்லிக்கொண்டார்கள். என் படத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அன்று எனக்கு வந்தது சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, இன்றைக்கும் பிடிபடவில்லை.

அன்று வண்டிகள் மறித்து நின்ற இடத்தில் இப்போது ஷிப்டு பஸ்கள் நிற்கின்றன. மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை. டீயை வைத்துவிட்டு வேன் டிரைவரிடம் போனேன்.

"இது யார் வூட்டு மாடுப்பா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அது ஸ்டிக்கர், பெருசு. கடையில விக்கிறான்."

கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு கொம்பும் நேராக நிமிர்ந்திருந்தன.