ஜாசண்ணன் பாடி வைத்த பாதி

ஜாசண்ணா, நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஸ்டுடியோ குமார்தான் போனில் சொன்னான். நாமக்கல்லில் நான் வேலை செய்யும் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அண்ணன் தவறிட்டாருங்க" என்றான். கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. அசதிதான் வந்தது.

அவரோடு மேடையில் வாசித்தவர்களே, அவர் பாட்டைக் கேட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாலாவதோடு படிப்பை நிறுத்தியவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். கடைசி டூயட்டில் அவர் தன் பாதியைப் பாடி வைத்துவிட்டுப் போய்விட்டார். என் பாதியை எப்போது பாடுவேன்? கருமாதிக்குள் முடித்தால் அவர் படத்துக்கு முன்னால் போடலாமே? இரண்டு முறை ஸ்டுடியோவுக்குப் போனேன். இரண்டு முறையும் பாடாமல் திரும்பி வந்தேன்.

ஜாசண்ணனின் சொந்தப் பேர் செல்வராசு என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் அப்பா மேட்டூரில் கம்பெனி ஆபீசர்களின் கிளப்பில் சமையல்காரர். அங்கே ஓடிய வெள்ளைக்காரப் பாட்டையெல்லாம் சமையல்கட்டு ஜன்னலில் நின்று கேட்டு வளர்ந்தவர். அவருக்கு இந்தப் பட்டப்பேரை வாங்கிக் கொடுத்த ஜாஸ் என்றால் என்னவென்று ஒருமுறை கேட்டேன். "ரோட்டுல நேரா போறவன், கொஞ்சம் வரப்புல எறங்கி நடந்துட்டு மறுக்கா ரோட்டுக்கு வர்றது அம்மிணி" என்றார். மாரியம்மன் பாட்டோ, கட்சிப் பாட்டோ, முட்டை விளம்பரமோ, நடுவில் ஒருமுறை வரப்பில் இறங்காமல் அவர் பாடியதில்லை.

எனக்கு முன்னால் வேறு பெண்களோடும் கேசட்டில் டூயட் பாடியிருக்கிறார். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்திக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கோயிலில் நான் கும்மி பாடியதைக் கேட்டு, என்னைச் சேலத்துக்கு ரிக்கார்டிங்குக்கு அழைத்துப் போனார். இரண்டு பேருக்கும் ஒரே மைக். என் வரி வந்ததும் அவர் ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்ணா இப்படிப் பாக்கறீங்க? பயமா இருக்குது."

"எம்பாட்ட எவன் வேணா பாடிருவான் அம்மிணி. நீ பாடறப்ப சும்மா நிக்கறேன் பாரு, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

ராசிபுரம் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. நாங்கள் பாடிய பாட்டைக் கேட்டு ஊர்க்காரர்கள் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்துவிட்டார்கள். ஒரே சால்வையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தி, மாலை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். முன்வரிசையில் அவர் மனைவி கமலாக்கா. பக்கத்தில் என் வீட்டுக்காரர். லாரிப் பட்டறையில் பெயிண்டர். அக்கா எழுந்து, "ஏனுங்க, மாலைய அங்க போட்டுட்டு சோத்துக்கு மட்டும் எங்கூட்டுக்கு வந்துருவீங்களாக்கும்?" என்றார். கூட்டமே சிரித்தது. "மாலை போனா போவுது அக்கா, சால்வைய உட்றாதீங்க. குளுருக்கு ஆகும்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு வேனில் வீடு வந்து சேரும்வரை ஜாசண்ணனுக்கு வெட்கம் போகவில்லை.

பிறகு காலம் மாறியது. ரிக்கார்டிங்கில் ஆண் ஒரு நாள் பாடுவான், பெண் இன்னொரு நாள் வந்து பாடிவிட்டுப் போவாள். சின்னப் பெண்கள் பலரோடு அவர் அப்படித்தான் பாடினார். முகம்கூடத் தெரியாது. "ஆளில்லாத ஊட்டு வாசல்ல நின்னு பேசறாப்பல இருக்குது" என்பார். என்னோடு மட்டும் அப்படிப் பாட மறுத்துவிட்டார். வயதாகி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் பாடினோம்.

இந்தக் கடைசிப் பாட்டுக்கு நான் போக முடியவில்லை. மகளுக்குப் பிரசவம், ஆஸ்பத்திரியில் இருந்தேன். "நீ அப்பறமா வா அம்மிணி. மூச்சு இருக்கறப்பவே எம்பங்கப் பாடி வெச்சர்றேன்" என்று போனில் சொன்னார். அந்த வாரமே போய்விட்டார்.

ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டினேன். அவர் வரி முடிந்தது. எனக்காக விட்டிருந்த இடத்தில் அவர் மூச்சு கேட்டது. இரண்டாவது சரணத்தில், நான் பாட வேண்டிய இடத்தில், மெல்லச் சிரிக்கிறார்.

"அது தெரியாம பதிவாயிருச்சுங்க்கா. அழிச்சரட்டுங்களா?" என்றான் குமார்.

"தொட்டீனா பாரு" என்றேன். நான் பாடினால் அந்தச் சிரிப்பு என் குரலுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் வாய் வரவில்லை. உங்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

கமலாக்காவிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாடிரு கண்ணு. நீ பாடலீனா, ஒரு பேச்சுப் பேசிப்போட்டு மனுசன் பதிலுக்கு நின்னுட்டே இருக்கறாப்பல இருக்குது" என்றார்.

நாளைக்குப் போகிறேன். பாடிவிடுவேன். உடம்பு ஓய்ந்துவிட்டது, குரலும் முன்னைப் போல இல்லை; இனி வேறு யாரோடும் டூயட் பாடுவதாக இல்லை. என் குரல் சேராத அந்தப் பாதியை மட்டும் குமாரிடம் கேட்டு என் போனில் வாங்கி வைத்திருக்கிறேன். அவருடையதென்று என்னிடம் இருப்பது அதுதான். நேற்றும் கேட்டேன்.

ஜாசண்ணா, நான் வராத அன்றைக்கு, அந்த இடத்தில் எதற்காகச் சிரித்தீர்கள்?