ஒரே நாளில் போன அறிக்கை

மொக்கைச்சாமி ஏட்டுக்கு வேலை, ஆட்களைப் பற்றி ஆட்களிடம் விசாரிப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் தனிப்பிரிவு. காக்கி போடுவதில்லை; வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை. பாஸ்போர்ட் கேட்டவன், அரசு வேலை கிடைத்தவன், ராணுவத்தில் அதிகாரியாகத் தேறியவன், எவனாக இருந்தாலும் யோக்கியனா இல்லையா என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும். யாராவது ஒருவனை நல்லவன் என்று சொன்னால், ஏன் சொல்கிறான் என்று முதலில் யோசிப்பார்.

1986இல் மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. ராணுவ அதிகாரி நியமனத்துக்கான விசாரணை ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும். முந்தைய வருடம் சேத்தூர்ப் பையன் ஒருவனுடைய தாள் மாதக்கணக்கில் ஏதோ கட்டுக்கு அடியில் கிடந்து, அவன் இடத்துக்கு வேறொருவன் போய்விட்டான். மற்றவர்கள் உத்தரவைச் சட்டை செய்யவில்லை. யார் தாமதிக்கிறார்கள் என்று பார்க்க வைத்த பொறி இது என்று மொக்கைச்சாமி சந்தேகப்பட்டார்.

முதலில் வந்தது செட்டியார்பட்டி பேச்சிமுத்துவின் தாள். அப்பா குருசாமிக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஜனவரியில் பயிற்சி தொடங்கும். அதற்குள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை.

மொக்கைச்சாமி நேராகப் பகையாளி வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டு இருளம்மாளுக்கும் குருசாமிக்கும் சுவர்த் தகராறு.

“அப்பன் சரியான களவாணி,” என்றாள் அவள். “சொவத்த ஒரு முழம் தள்ளிக் கட்டிருக்கான். நல்லா எழுதிக்கிடுங்க.”

“மவன்?”

“அது பாட்டுக்குப் போவும், வரும். அதுக்கு என்ன?”

அவருக்கு அது போதும். ஸ்டேஷனிலும் அவன்மேல் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை குருசாமி அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

“ஏட்டையா, நேத்து வந்தீயளாம். நான் ஷிப்டுல இருந்தேன். ஏதோ நம்மளால முடிஞ்சது…” மடித்த தினசரி ஒன்றை நீட்டினார்.

லஞ்ச ஒழிப்புக்காரர்கள் நோட்டில் பொடி தடவிக் கொடுத்தனுப்புவது மொக்கைச்சாமிக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அதெல்லாம் வேண்டாம். அறிக்கை போயிருச்சு.”

“எப்ப?”

“நேத்து.”

“நேத்து வந்தீய, நேத்தே போயிருச்சா?”

“ஆமாங்கேன்.”

“என்னன்னு எழுதியிருக்கீய?”

“அதச் சொல்லக் கூடாது. ரகசியம்.”

குருசாமி தினசரியோடு பஸ் ஏறினார். மில் வாசலில் கூட்டாளி சோணைமுத்து நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“கைநீட்டாத போலீசா? ஏலே, உன்கிட்ட வாங்கலைன்னா வேற எவன்கிட்டயோ வாங்கிட்டாருன்னு அர்த்தம்.”

“எவன்கிட்ட?”

“இருளம்மா வீட்டுல அவருக்கு என்ன சோலி? நல்லதா எழுதியிருந்தா சொல்ல மாட்டாரா? ரகசியமாம்லா, ரகசியம்!”

குருசாமி அன்றே டைப் அடிக்கும் கடைக்குப் போனார். விசாரிக்காமலே எழுதிவிட்டார், எதிராளியிடம் கை நீட்டிவிட்டார் என்று மனு. மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று. மகன் வேண்டாம் என்றான். “ஒனக்கு உலகம் தெரியாதுலே,” என்றார்.

போய்ச் சேர்ந்திருந்த அறிக்கையில், குறை ஏதும் இல்லை என்று ஒரு வரிதான் இருந்தது. மனு வந்ததால் அது திரும்பி வந்தது. மொக்கைச்சாமிக்கு மெமோ. அவரை ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் கயிறு பிடிக்கும் பந்தோபஸ்துக்குத் தூக்கிப் போட்டார்கள். மறுவிசாரணைக்கு வேறு ஏட்டு வந்தார். பல தடவை வந்தார். காப்பி குடித்தார், பெருமூச்சு விட்டார், வாங்கிக்கொண்டார். குறை ஏதும் இல்லை என்று அவரும் எழுதியபோது ஜனவரி போயிருந்தது.

பேச்சிமுத்துவுக்கு அடுத்து தொடங்கிய பயிற்சியில்தான் இடம் கிடைத்தது. ராணுவத்தில் மூப்பு என்பது சேர்ந்த நாளிலிருந்து. அவனோடு ஒன்றாகத் தேறிய சிவகாசிப் பையனுக்கு ஒவ்வொரு பதவி உயர்வும் இவனுக்கு முன்னால் வந்தது.

“முதல்ல வந்த ஏட்டு பண்ணின வேலை,” என்று குருசாமி ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மொக்கைச்சாமி காதுபடவே சொன்னார். “பொறவு வந்தவரு தங்கமான மனுசன். அவரு மட்டும் இல்லைன்னா இதுவும் கிடையாது.”

மொக்கைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

சில வருடங்களில் அவரைத் தனிப்பிரிவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1994இல் ஆண்டாள் கோயில் மாடவீதி அழகியமணவாளன் ராணுவ அதிகாரித் தேர்வில் தேறினான். மொக்கைச்சாமி விசாரித்தார், குறை ஏதும் இல்லை என்று எழுதினார், காலைத் தபாலில் அனுப்பினார். மத்தியானம் அவன் அம்மா அரவிந்தவல்லி வந்தாள்.

“சார், பையன் விஷயம் ஆயிடுமோன்னோ?”

மொக்கைச்சாமி நெற்றியைச் சுருக்கினார். “கொஞ்சம் சிக்கல்தாம்மா.”

“பெருமாளே! என்ன சிக்கல்?”

“இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் பர்ஸைத் திறந்தாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப வேண்டாம். மொதல்ல ஆர்டர் வரட்டும்.”

அவள் முகம் தெளிந்தது. “உங்களைத்தான் நம்பியிருக்கேன்,” என்று கும்பிட்டுவிட்டு நடந்தாள். தெருமுனை திரும்பும் வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவர் நெற்றியைச் சுருக்கியே வைத்திருந்தார்.