வேனுக்கு அடியில் காயாத சிவப்பு

ஆயுத பூஜைக்கு வேனின் முன்னால் உடைக்கும் பூசணிக்காயின் குங்குமம் எங்கள் வாசல் சிமெண்டில் படிந்துவிடும். நாலைந்து நாள் கழுவினால் மங்கிவிடும். அந்த ஆண்டு அது மங்கவில்லை. காலைதோறும் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் சிவப்பு. கடைக்காரன் கலப்படக் குங்குமத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று என் கணவர் தீர்ப்புச் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். பூஜை போட்ட வண்டியின் கீழே சிவப்பாக எதைக் கண்டாலும் எங்கள் கண்ணுக்கு அது குங்குமம்தான்.

பக்கத்து வீட்டு டீச்சருக்கு அந்தக் கண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டவர் எங்கள் கேட்டருகே தயங்கி நின்றார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பூசணிக்காய் இன்னுமா காயல?"

குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தால் எண்ணெய் நெடி. கணவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் தானும் விரலால் தொட்டு முகர்ந்தார். இந்த வகை வண்டியின் கியர் ஆயில் சிவப்பாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பல நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறோம்.

வேறொரு வீட்டில் இது ஒரு பழைய வண்டியின் கோளாறு என்பதோடு போயிருக்கும். என் கணவரின் இடது கால் சிறு வயதிலேயே போலியோவில் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்கவேண்டிய வண்டி எதையும் அவர் ஓட்டியதில்லை. அலுவலகத்துக்கு நண்பர்களின் பின்சீட்டில் போனார். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகவும் யாராவது வரக் காத்திருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது, வெளியூருக்குக் குடிபெயர்ந்த ஒருவரிடமிருந்து இந்த வேனை வாங்கினோம். கியர் தானாக மாறும். வலது கால் ஒன்றே போதும். அதன்பின் காலனியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவர்தான். வாழ்நாளெல்லாம் பிறர் ஏற்றிச் சென்றவர், பிறரை ஏற்றிச் செல்பவரானார். அவர் நடையே சற்று நிமிர்ந்ததாக எனக்குத் தோன்றும்.

அந்த மாதிரி வேன் இப்போது விற்பனையில் இல்லை. கியர்பாக்ஸ் போனால் மாற்று கிடைக்காது. இன்னொரு வண்டி வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை. அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். அவரும் கேளாமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் முடிச்சூர் சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் புறப்பட்டோம். வழியில், தண்ணீர் லாரி ஒன்றின் பின்னால் நின்று மீண்டும் கிளம்பியபோது எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. அவர் ஆக்சிலேட்டரை மேலும் அழுத்தினார். உறுமல்தான் ஏறியது. பின்னால் ஹாரன்கள் குவிந்தன. பொறுமை எனக்கு இயல்பு என்பார்கள். அப்போது என் கை கதவுப் பிடியை விடவில்லை. சட்டென்று ஒரு குலுக்கல், வண்டி பாய்ந்து நகர்ந்தது. அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கவுமில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். சொட்டு விழும் இடத்தைப் பார்த்துத்தான் கசிவைப் பிடிக்கவேண்டுமாம். முன்பக்கம் விழுந்தால், கியர் எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய். நடுவில் விழுந்தால் கியர்பாக்ஸே. அட்டையில் சொட்டுகள் இரண்டுக்கும் இடையில் விழுந்தன. அவர் தலையைச் சொறிந்தார். ஆட்டோ கியர் வண்டி தன்னிடம் எப்போதாவதுதான் வரும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு, உதவும் எண்ணத்தோடுதான், இதையும் சொன்னார்:

"சார், நான் ஒண்ணு சொல்றேன். இத்தக் கயட்டிப் போட்டுட்டு கிளட்ச் வச்ச பாக்ஸ் மாட்டிரலாம். அப்பால பேஜாரே கெடையாது."

என் கணவர் வேனிலிருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் காலை யார் பார்ப்பார்கள்?

"மாட்டலாம்ப்பா. கிளட்ச்ச மிதிக்க தினம் நீ வருவியா?" என்று கேட்டு, கதவைத் திறந்து இறங்கினார்.

மெக்கானிக்கின் பார்வை கீழே போய், உடனே மேலே வந்தது. "சாரி சார், கவனிக்கல."

"விடுப்பா. கட்டிக்கினவளே பாதி நாள் மறந்துட்டு மாடியில துணி காயப்போடச் சொல்றா."

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது என் கணவர்தான்.

மெக்கானிக் குழாயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தபடி காத்திருந்தார். ரேடியேட்டர் குழாய் வளையும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய் வண்டியின் அடிச்சட்டத்தின் வழியாகப் பின்னே ஓடிச் சொட்டியிருக்கிறது. குழாயை மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார். நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் அவர் பழைய எண்ணெயை முகர்ந்து முகம் சுளித்தார்: கருகின வாடை. எண்ணெய் குறைவாக ஓடியதில் உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் இந்தக் குழாயால் பயனில்லை. வண்டி நன்றாகச் சூடானபின் மேட்டில் ஏற்றினால்தான் தெரியும் என்றார்.

பெருங்களத்தூர் மேம்பாலத்துக்குப் போனோம். அடிவாரத்தில் என் கணவர் சொன்னார்: "நடுவுல நின்னுட்டா, நீ இறங்கி ஓரமா போய் நில்லு." சரி என்றேன். இறங்கும் எண்ணம் எனக்கில்லை.

ஏற்றத்தில் ஒரு பேருந்து எங்கள் முன் வேகம் குறைத்தது. நாங்களும் குறைக்க நேர்ந்தது. மீண்டும் அழுத்தினார். ஒரு கணம் எஞ்சின் மட்டும் உயர்ந்து ஒலித்தது. என் வலது கால் என்னையறியாமல் தரையை மிதித்தது. பிறகு, இருக்கை முதுகில் லேசாகத் தள்ளுவதை உணர்ந்தேன். வேன் இழுத்தது. குலுக்கல் இல்லாமல், அவசரமில்லாமல், உச்சி வரை இழுத்தது.

இறக்கத்தில் வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை; நேரே ஓட்டினார்.

"டீச்சரோட அம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆஸ்பத்திரின்னு சொன்னாங்கல்ல? ஆட்டோக்குச் சொல்ல வேண்டாம், நான் வரேன்னு போன் போடு," என்றார்.

போனை எடுத்தேன். எண்ணை அழுத்துமுன் எஞ்சின் ஒலியை இன்னும் சற்று நேரம் கேட்டுக்கொண்டேன்.